டொக் டொக்: ஒரு புல்லட்டின் அனாமத்துக் கணக்கு

இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போகலாம் என்று பிளஸ் ஒன்னிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பி.காம் படிப்பவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையையே அப்படித்தான் ஓட்டுகிறார்கள் :-) மோட்டார் சைக்கிளில் அனாமத்துக் கணக்கு என்பது சைலன்சர். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறதா? அதைவிடப் பெரிய சத்தம் போடும் சைலன்சரை மாட்டிவிட்டால் தீர்ந்தது. எல்லாப் பிழையும் அதற்குள் அடங்கிவிடும். என்ன, அனாமத்தில் போட்ட தொகை ஒருநாள் எழுந்து வந்து நிற்கும்.

ஆலந்தூர்ப் பக்கத்துப் பி.காம் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் வந்து நின்றது.

வண்டி அவன் அப்பாவுடையது. 1987 மாடல் புல்லட் 350. இரும்பு சிலிண்டர், 346 சிசி, பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர், மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மில்லிமீட்டர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்து, சென்னையை விட்டு அதிகம் வெளியே போகாமலே வயதான வண்டி. அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு கிக்கரை உதைக்க முடியவில்லை. இரண்டு வருடம் மாடிப்படிக்குக் கீழே, பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

2023-ல் பையன் அதை "ஆல்டர்" செய்ய முடிவெடுத்தான். பின் மட்கார்டு பாதியாக வெட்டப்பட்டது. இரண்டு பக்கப் பெட்டிகளும் போயின. நீள சீட்டுக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட். ஹெட்லைட்டைச் சுற்றியிருந்த கூடு போனது; அதோடு ஆம்பியர் மீட்டரும் போனது. (டீகம்ப்ரஸர் லீவரை அழுத்திக் கிக்கரை மெதுவாக இறக்கு, ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் விட்டுவிட்டு உதை என்று அப்பா சொல்லிக்கொடுத்த பாடமும் அத்தோடு முடிந்தது.) பதினான்கு லிட்டருக்கு மேல் பிடிக்கும் பழைய டேங்க் இறங்கி, ஒன்பது லிட்டர் பிடிக்கும் மெலிந்த டேங்க், என்ஜினோடு ஒட்டி உட்கார்ந்தாற்போலத் தாழ்வாக ஏறியது. கடைசியில், குட்டைச் சைலன்சர். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இந்த மாதிரி வேலைகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் கட்டிக்கொடுத்த கடைக்காரரும் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை. புகைப்படத்தில் வண்டி பிரமாதமாக இருந்தது. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் எங்கடா உக்கார்றது?"

இரண்டு மாதம் கழித்துச் சத்தம் ஆரம்பித்தது.

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போதுதான் முதலில் கேட்டது. மூன்றாவது கியர், வேகம் குறைவு, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் காலுக்கு நடுவில் எங்கிருந்தோ டொக்டொக்டொக் என்று ஒரு வேகமான தட்டல். உச்சியைத் தாண்டி இறக்கம் வந்ததும் காணாமல் போய்விட்டது. வீட்டு வாசலில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டுக் கேட்டால் ஒன்றும் இல்லை. டாக்டர் வாசல் வரை வலித்துவிட்டு உள்ளே போனதும் விட்டுப்போகும் பல்வலி மாதிரி.

முதலில் போன கடையில் ஆக்ஸிலேட்டரை நாலு தடவை விருட் விருட்டென்று முறுக்கினார்கள். "கனெக்டிங் ராடு போச்சு. என்ஜினை இறக்கணும். பதினெட்டாயிரம் ஆகும், மேலயும் ஆகலாம்" என்றார்கள். பதினெட்டாயிரம் என்பது அவனுக்கு ஒரு செமஸ்டர் பீஸ். கூடப் படிக்கும் பையன்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கெட்டியான ஆயிலை ஊற்று, பிளக்கை மாற்று, பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா, அதுதான் காரணம், இத்யாதி இத்யாதி. கிளாஸில் புல்லட் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். வைத்தியம் சொன்னவர்கள் பதினோரு பேர்.

முதல் கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் அந்தத் தண்டின் அடிமுனை தேய்ந்துபோனால், பாரம் ஏறும்போது ஆழமான ஒரு தட்டல் வரத்தான் செய்யும். சிக்கல் என்னவென்றால், அதே போலத் தட்டுகிற ஆட்கள் இன்னும் சிலர் உண்டு. இடது பக்கச் செயின் மூடிக்குள், கிராங்கின் நுனியில் இருக்கும் ஆல்டர்னேட்டர் சக்கரத்தின் நட்டு லூசானால் ராடு போன மாதிரியே கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பி என்ஜினைப் பிரித்து, புது ராடு போட்டு, பூட்டிய பிறகும் அதே சத்தம் கேட்டுத் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. அந்த நட்டை முறுக்கியிருந்தால் அரைமணி நேர வேலை. என்ஜின் தலையில் சைலன்சர் பைப் சேரும் இடத்தில் காற்று கசிந்தால் டாப்பெட் சத்தம் மாதிரி டிக் டிக் என்று வரும். பைக்குகள் இந்த விஷயத்தில் மிமிக்ரி கலைஞர்கள்.

இருப்பாய்வில் வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார் என்பார்கள். இரண்டால் வகுபட்டால் அதில் பாதித் தொகை பக்கம் மாறிப் போயிருக்கலாம். தொகையின் முகத்தைப் பார்த்தே பிழையின் ஊரைக் கண்டுபிடிக்கிற வித்தை. வண்டிச் சத்தத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. அது எத்தனை முறை வருகிறது என்பதுதான் அதன் முகம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வு ஒருமுறை திறந்து மூடும், வெடிப்பும் ஒருமுறை நடக்கும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் கிராங்க் நொடிக்கு 15 முறை, வால்வு ஏழரை முறை. சக்கரம் இந்தக் கணக்கிலேயே சேராது. 40 கிலோமீட்டர் வேகத்தில் புல்லட்டின் 19 அங்குலப் பின்சக்கரம் நொடிக்கு ஐந்தரை முறைதான் சுற்றும். கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்த பிறகும், உருளுகிற வண்டியில் சத்தம் தொடர்ந்தால் அது சக்கரத்தின் சமாச்சாரம், என்ஜின் மேல் பழி போடக் கூடாது.

காதை நம்பிச் சத்தத்தின் இடத்தைச் சொல்வதுதான் இதில் பெரிய ஏமாற்று. இரும்பில் ஒலி காற்றைவிடச் சுமார் 15 மடங்கு வேகமாகப் போகிறது. பிரேம் முழுக்க ஒரே இரும்பு. ஒரு மூலையில் தட்டியது இன்னொரு மூலையில் பிறந்த மாதிரி கேட்கும். அதனால்தான் "எங்கே கேட்கிறது" என்ற கேள்வியைவிட "எப்போது கேட்கிறது" என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம்.

நிற்க.

பையனுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், கட்டம் போட்டு எழுதுவது. அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெட்ரோல் போடும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பார். அந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து பையன் சத்தத்துக்குப் பேரேடு திறந்தான். தேதி, என்ஜின் சூடா குளிரா, எந்த கியர், என்ன வேகம், ஏற்றமா இறக்கமா, சத்தம் உண்டா இல்லையா. பன்னிரண்டு நாள் எழுதினான். நின்றுகொண்டு முறுக்கும்போது ஒருநாளும் வரவில்லை. இறக்கத்தில் ஒருநாளும் வரவில்லை. மேல் கியரில் மெதுவாகப் போகும்போது பாரம் ஏற்றினால் வந்தது. ஆனால் எல்லா நாளும் வரவில்லை, அதுதான் புரியவில்லை. அதே பாலம், அதே கியர், சில நாள் மட்டும் வண்டி பூனைக்குட்டி மாதிரி போனது.

நோட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. பெட்ரோல் போட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் தலைகாட்டுகிறது. டேங்க் வற்ற வற்ற ஜாஸ்தியாகிறது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தான். கலப்படப் பெட்ரோல்! பெட்ரோல் சரியில்லாவிட்டால், பாரத்தில் இழுக்கும்போது கலவை தாறுமாறாக வெடித்து என்ஜினுக்குள் தட்டும் என்பது உண்மைதான். பங்க்கை மாற்றினான். மறுபடியும் அதே கதை. இன்னொரு பங்க். அதே கதை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஏண்டா, பெட்ரோல் என்ன பாலா, மூணே நாள்ல திரிஞ்சு போறதுக்கு?"

பையனிடம் பதில் இல்லை.

"பெட்ரோல் ஒண்ணும் மாறல. அளவுதான் மாறுது. புதுப்பேட்டை பாய்கிட்ட காட்டு. நோட்டையும் எடுத்துட்டுப் போ."

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல். எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில், பழைய உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு ஷட்டர் அகலக் கடை. அப்பாவின் வண்டியை முன்பு பார்த்தவர் அவர்தான். வெட்டின மட்கார்டை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பையனுக்குத் தோன்றியது.)

"பாய், ராடு போச்சுன்னு சொல்றாங்க."

"யாரு, ராடா சொல்லுச்சு?"

எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடவில்லை அவர். நோட்டை வாங்கி நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார். அப்புறம், சத்தம் வர ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டியில் கடைசியாக என்ன மாற்றினாய் என்று கேட்டார். எல்லாம்தான் மாற்றினேன் என்றான் பையன். அதுதான் ஆல்டர் வண்டியின் தொல்லை. கம்பெனி வண்டியில் ஒவ்வொரு பாகமும் அடுத்த பாகத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். ஆல்டர் வண்டியில் அந்த வரைபடம் செல்லாது. டேங்க் ஒரு வண்டியிலிருந்து, ஹேண்டில்பார் இன்னொன்றிலிருந்து, சீட் வேறொன்றிலிருந்து. பாகம் கெட்டுப்போவதற்கு முன்னால் பக்கத்துப் பாகத்தோடு சண்டை போட ஆரம்பித்துவிடும்.

பாய் செய்த சோதனைகளைப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். முதலில், ஆறிய என்ஜினில் டாப்பெட் மூடியைக் கழற்றி, வால்வு இரண்டும் மூடியிருக்கும் நிலையில் தள்ளுகம்பிகளை விரலால் சுற்றிப்பார்த்தார். இந்தப் பழைய புல்லட்டில் அவை விரலுக்குத் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சரியாக இருந்தது. பிறகு ஸ்டார்ட் செய்து, நனைத்த கோணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்தார். என்ஜின் திணறியதே தவிர, பைப் சேரும் இடத்தில் புஸ் என்று காற்று வரவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் அடிப்பகுதியில் ஊன்றி, பிடியைக் காதோரம் எலும்பில் வைத்துக் கேட்டார். இடது காலணைப்பைக் கழற்றி, செயின் மூடியைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை நட்டைத் திருகி, உள்ளே ஆல்டர்னேட்டர் நட்டைச் சாவி போட்டுப் பார்த்தார். இறுக்கம். இதற்கே ஒரு மணி நேரமும் இரண்டு டீயும் ஆகிவிட்டன.

"உள்ள சுத்தமா இருக்கு தம்பி. ஏறி உக்காரு."

கடைசிச் சோதனை கொஞ்சம் விவகாரமானது, வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பையன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிக்க, இரண்டாவது கியரில் கிளட்சை ஒரு நூல் மட்டும் விடச் சொன்னார். வண்டி நகராமல் பாரத்தில் முனகியது. என்ஜின் லேசாகத் தலையை ஆட்டியது. டொக்டொக்டொக். இரண்டு மாதமாக மேம்பாலத்தில் மட்டும் வந்த சத்தம் முதல் தடவையாக நின்ற இடத்தில் கேட்டது. பாய் குனிந்து என்ஜின் பக்கம் காதைக் கொண்டுபோகவில்லை. பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து அழுத்தினார். டொக்டொக் உடனே பொத் பொத் என்று அமுங்கிப்போனது. கையை எடுத்தார், டொக்டொக். வைத்தார், பொத் பொத். தவில் அடிப்பவர் தோலைத் தொட்டு நாதத்தை நிறுத்துவாரே, அதுபோல.

டேங்க் இறங்கியது. பிரேமின் மேல்குழாய்க்குக் கீழே, என்ஜின் தலையில் ஒரு நீள போல்ட் எதையும் பிடிக்காமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உச்சி மட்டும் பளபளவென்று கண்ணாடியாக இருந்தது. டேங்கைத் திருப்பினால், வலது அடிவயிற்றில் பெயின்ட் போய், மிளகு அளவுக்கு ஒரு குழி.

பாய்க்கு விளங்கிவிட்டது. புல்லட்டில் என்ஜின் தலையை மேல் பிரேமோடு இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன இரும்புப் பட்டை உண்டு. ஒற்றை சிலிண்டர் என்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் உதைத்துக்கொள்ளும். மேம்பாலத்தில் 2,400 சுற்றில் இழுக்கிறது என்றால் நொடிக்கு 20 உதை. அந்தப் பட்டைதான் தலை ஆடாமல் காக்கிறது. புது டேங்கைத் தாழ்வாக உட்காரவைக்கப் பட்டை இடைஞ்சலாக இருந்திருக்கிறது. கழற்றி எறிந்துவிட்டார்கள். பட்டையின் கனத்தையும் சேர்த்துப் பிடிப்பதற்காக நீளமாக விட்ட போல்ட்டை மட்டும் மறந்துவிட்டார்கள். பாரம் ஏறும்போதெல்லாம் தலை ஆடி, போல்ட் டேங்கை முட்டியிருக்கிறது.

அப்படியானால் பெட்ரோல் கணக்கு? காலி டேங்க் குடம் மாதிரி, தட்டினால் கணீரென்று கேட்கும். நிறைந்த டேங்கில் பெட்ரோல் அந்த அதிர்வை விழுங்கிவிடும், மிச்சத்தைக் குட்டைச் சைலன்சர் விழுங்கிவிடும். குறைகுடம் கூத்தாடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒன்பது லிட்டர் பெட்ரோல் என்றால் ஆறரைக் கிலோவுக்கு மேல் கனம். அந்தக் கனத்தில் ரப்பர் நசுங்கி டேங்க் இன்னும் கீழே இறங்கியிருக்கும். அதாவது, சத்தமே இல்லாமல் வண்டி பூனைக்குட்டி மாதிரி போன அந்த நாட்களில்தான் போல்ட் இன்னும் நெருக்கமாக உராய்ந்திருக்க வேண்டும். நோட்டில் "இல்லை, இல்லை" என்று நிம்மதியாக எழுதிய நாட்கள் அவை.

பாய் குழியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். தகடு ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். அதிலும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதற்குக் கீழே சூடான என்ஜின் தலை, ஒரு பக்கம் பிளக் வயர், முன்னால் சைலன்சர் பைப். பெட்ரோலுக்குத் தீப்பிடிக்கிற ஆவியாக மாறப் பெரிய சூடெல்லாம் தேவையில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூட அதன் ஆவி தீப்பற்றும். ஓட்டுகிறவன் அந்த டேங்கைத் தொடை இரண்டாலும் அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான்.

பையன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

"பதினெட்டாயிரம் செலவு பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும் பாய்?"

"என்ஜினை இறக்க டேங்கைக் கழட்டியிருப்பான். திரும்ப மாட்டும்போது கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கும். சத்தம் நின்னுருக்கும். நீயும் சந்தோஷமா ஓட்டியிருப்பே. எத்தனை நாளுக்குன்னுதான் தெரியாது."

கணக்கியலில் ஈடுசெய் பிழை என்று படித்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைக்க, இருப்பாய்வு அழகாக ஒத்துப்போகும்.

டேங்கைக் காலி செய்து, காயவைத்து, வாயால் காற்று ஊதி, குழியின் மேல் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை. என்றாலும் அந்த இடத்தைச் சும்மா விட பாய்க்கு மனமில்லை. டேங்கைச் சரிசெய்கிற ஆளிடம் கொடுத்து உள்ளேயிருக்கும் ஆவியை முழுக்க வெளியேற்றிய பிறகே தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். (பெட்ரோல் டேங்கைக் கண்ட இடத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டேங்க்தான் ஆபத்தானது, ஏனென்றால் ஆவி அங்கேதான் இருக்கிறது.) தெருவிலேயே ஒரு கடையில் பழைய இரும்புப் பட்டை கிடைத்தது. போல்ட் மறுபடி தன் வேலையைப் பிடித்தது. டேங்குக்குக் கீழே கனமான ரப்பர் வைத்து, விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டார்கள். எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்.

அழகு போய்விட்டது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தாழ்ந்து ஒட்டிக்கிடந்த டேங்க் இப்போது முக்காலியில் ஏறி உட்கார்ந்த மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கோடு ஒன்றுக்காகத்தான் அவன் அவ்வளவு பணத்தைக் கொட்டியிருந்தான். கடை வாசலில் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கத்திப்பாராவில் டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போதே மூன்றாவது கியரில் ஏறினான். சத்தம் இல்லை. நோட்டில் எழுத அப்பாவிடம் பேனா கேட்டான். அவர் பேனாவைக் கொடுக்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் கடை திறந்திருக்குமா என்று விசாரித்தார். பழைய நீள சீட் இன்னும் பரணில்தான் இருக்கிறதாம்.